சல்லடைச் செருப்பு

பிள்ளை பெற்ற கையோடு குட்டை சிஸ்டருக்குக் காலும் வளர்ந்துவிட்டது. மாசமாக இருந்தபோது வீங்கின பாதம் பிரசவம் ஆனதும் தானாக வடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வீக்கம் வடிந்தது. பாதம் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று காலையில், கட்டிலுக்கடியில் கிடந்த வெள்ளை ஷூவை இழுத்துத் தூசி தட்டிக் காலை நுழைத்தாள். குதிகால் வெளியிலேயே நின்றுகொண்டது. கரண்டிக் காம்பை வைத்து நெம்பி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

"காலுக்கு ஷூ போடறியா, மூட்டை கட்டறியா?" என்றாள் மாமியார், பேரனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே.

"வருஷம் முடியற வரைக்கும் இதுதான் அத்தை. ஆஸ்பத்திரில புதுசு கொடுக்க மாட்டாங்க."

"அதுக்குள்ள உன் விரலெல்லாம் உதிர்ந்துடும் போ."

அவள் வேலை பார்த்தது எலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் ஆண்கள் வார்டில். பகலுக்கு இரண்டு நர்ஸ்கள். ஒருத்தி கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். இன்னொருத்தி அவள் தோளுக்கும் கீழே. நெட்டை சிஸ்டர், குட்டை சிஸ்டர் என்று நோயாளிகள் வைத்த பெயரே டாக்டர்கள் வாயிலும் நிலைத்துவிட்டது. காலையில் படுக்கை விரிப்பு மாற்றுவதில் தொடங்கி, காய்ச்சல் பார்த்து, ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, மூத்திரப் பைகளைக் காலி செய்து, மாவுக்கட்டோடு கிடக்கும் மனிதர்களைப் புரட்டி முதுகு துடைத்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். நர்ஸ்களுக்கென்று இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டிலும் எந்நேரமும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல மனம் வராது.

முதல் வாரத்திலேயே சுண்டுவிரல் தோல் உரிந்தது. கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்பைக் கரைத்து இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காருவாள். அன்றைக்கு அவளுக்கு உட்காரக் கிடைத்த முதல் நேரம் அதுவாகத்தான் இருக்கும். பிள்ளை குடித்துக்கொண்டே அவள் கழுத்தை நகத்தால் கீறும். வலி மெல்ல இறங்கித் தண்ணீரில் கரைவது போலிருக்கும். எழுந்திருக்கவே தோன்றாது.

பெரிய ஷூ கேட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான்.

"சிஸ்டர், வருஷத்துக்கு ஒரு ஜோடி. உங்க ஜோடியை நீங்க வாங்கியாச்சு."

"அது பழைய காலுக்கு வாங்கினது சார். இப்ப ஒரு நம்பர் ஏறிப்போச்சு."

"பிள்ளை பெத்தா வயிறு பெருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். காலுமா பெருக்கும்?"

"உங்க வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க."

"கேட்டா அந்தக் காலாலயே ஒண்ணு வெப்பா." சிரித்துவிட்டு, பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். "பாருங்க, எல்லாம் பொடிசுதான் இருக்கு. பெருசு வந்தா உங்களுக்குத்தான் முதல்ல எடுத்து வைப்பேன். இப்போதைக்குக் கொஞ்சம் பஞ்சு வெச்சு ஓட்டுங்க."

"பஞ்சு வெக்கறது ஷூ பெருசா இருந்தா சார்."

அவர் யோசித்துப் பார்த்து, "அட ஆமால்ல" என்றார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஷூவின் பின்பக்கத்தை பிளேடால் அறுத்துவிட்டு, குதிகால் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போனாள். மேட்ரன் அம்மா வார்டு நடுவில் நிறுத்தி வைத்துத் திட்டினார். அறுத்த ஷூ நடக்கும்போது கழன்று கழன்று வேறு போனது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களைப் போல அவளும் சல்லடைச் செருப்புக்கு மாறினாள். மெத்தென்ற ரப்பர், பின்பக்கம் திறப்பு, விரல்களுக்கு மேலே காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்தப் பெயரை வைத்தது நெட்டை சிஸ்டர். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் காலில் அதுதான். பெரிய டாக்டர் சுற்றி வருகிற நாளைத் தவிர மேட்ரன் அம்மாவும் அதைக் கண்டுகொள்வதில்லை.

அவள் புருஷன் கண்ணாடிக் கடையில் வேலை செய்தான். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற வேலை. கூட வேலை செய்த ஒருத்தன் காலில் ஒருமுறை கண்ணாடிப் பலகை சரிந்து விழுந்ததிலிருந்து, கடைக்காரர் எல்லாருக்கும் இரும்பு வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"உன் செருப்புல ஓட்டையைத் தவிர வேற என்ன இருக்கு?" என்று ஒரு நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவன் சொன்னான். "ஞாயித்துக்கிழமை கடைக்குப் போலாம். மூடின ஷூவா, உன் காலுக்கு நல்லாப் பொருந்தறதா ஒண்ணு எடுத்துடலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அசதியில் அவன் மத்தியானம் வரை தூங்கிவிட்டான். அடுத்ததில் பிள்ளைக்குச் சளி. அதற்கும் அடுத்ததில் மழை.

அந்த மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வார்டு வாசலில் சாக்கு விரித்துப் போட்டும் உள்ளே முழுக்கச் சேறு. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டிக் கிடந்தான். அதிகம் பேசாதவன். அவன் மனைவி பக்கத்தில் நின்று ரொட்டியைப் பிய்த்து டீயில் தோய்த்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா, ரத்தம் எடுத்துக்கறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி பார்க்கணும்" என்று குட்டை சிஸ்டர் அவன் கையில் பட்டையைக் கட்டினாள். ரத்தம் எடுத்துச் சீசாவில் விட்டு, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிப்பதற்குள், தூக்கிக் கட்டிய காலில் சுரீரென்று வலி இழுத்திருக்க வேண்டும். அவன் உடம்பு துள்ளியது. முழங்கை பட்டுத் தட்டு கவிழ்ந்தது. ஊசி நேராக இறங்கி, செருப்பின் ஓட்டை ஒன்றின் வழியாக அவள் பாதத்தில் குத்தி நின்றது.

அவள் குனிந்து அதைப் பிடுங்கினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று அவனைத்தான் சமாதானப்படுத்தினாள்.

"கழுவுங்க சிஸ்டர்."

"கழுவிக்கறேன், நீங்க கையை அசைக்காதீங்க."

"அய்யோ, ஓடிப்போய்க் கழுவுங்க சிஸ்டர்! என் ரத்தம் நல்ல ரத்தம் இல்ல!" அதுவரை அவன் குரல் அடுத்த கட்டிலுக்குக் கேட்டதில்லை. இப்போது வார்டு முழுக்கக் கேட்டது. "எனக்கு அந்த எய்ட்ஸ் கிருமி இருக்கு. நாலு வருஷமா இருக்கு. சொன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். கழுவுங்க!"

அவள் ஓடினாள். குழாயடியில் சோப்புப் போட்டுப் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பிப் பார்த்தபோது, டிரைவரின் மனைவி ஊறிப்போன ரொட்டித் துண்டைக் கையில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

டாக்டர் தாமதம் செய்யவில்லை. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது.

"பயப்படாதீங்க சிஸ்டர். சீக்கிரமே வந்துட்டீங்க. ஒட்டறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஒரு மாசம் விடாம மாத்திரை. அப்பறம் இடைவெளி விட்டு டெஸ்ட்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "குழந்தை பால் குடிக்குதில்ல?" என்றார்.

"ஆமா டாக்டர்."

"கடைசி டெஸ்ட் வரைக்கும் கொடுக்காதீங்க."

அவள் தலையாட்டினாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ விஷயங்களை இதே குரலில் அவளே சொல்லியிருக்கிறாள். கேட்கிறவர்கள் ஏன் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள் என்று அப்போதெல்லாம் அவளுக்கு விளங்கியதில்லை.

மேட்ரன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஷூ எங்க?" என்பது.

"சின்னதாப் போச்சும்மா. ஸ்டோர்ல கேட்டேன்..."

"மூடின ஷூதான் போடணும்னு சட்டம் இருக்கா இல்லையா? நாளைக்கு ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்டா நான் என்ன பதில் சொல்றது? தப்பு உன் பேர்ல வந்து நிக்குது பாரு." அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. சொல்லும்போதே கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ வார்டுக்கு வர வேணாம். துணி ரூமைப் பார்த்துக்கோ."

போவதற்கு முன்னால் அவள் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். மனைவியைக் காணவில்லை. ஸ்டூலில் டீ ஆறிக்கிடந்தது.

"மன்னிச்சுடுங்க சிஸ்டர்" என்றான் டிரைவர்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் மருந்தே சாப்பிட்டிருக்க மாட்டேன். நான்தான் உங்களுக்கு..."

"அவகிட்ட சொல்லாத வாய், உங்ககிட்ட சொல்லிடுச்சு" என்றான் அவன். 

வீட்டில் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன், ஒன்றைக் கழற்றி ஒன்றைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் போலாம் போலாம்னு தள்ளிப் போட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வராதுன்னுதான் டாக்டர் சொல்றாரு."

"அம்மாகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாங்க."

மாமியாரிடம், காலில் சீழ் வைத்துவிட்டது, அதற்குச் சாப்பிடும் மருந்து பாலில் இறங்கும் என்று சொல்லி வைத்தார்கள். அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

"இது என்ன ஊரு உலகத்துல இல்லாத மருந்து? நான் நாலு பெத்தேன். காய்ச்சலோடயும் கொடுத்தேன், கட்டியோடயும் கொடுத்தேன். அழகு கெட்டுடும்னு நிறுத்தறியா, வெளிப்படையாச் சொல்லு."

"அழகா? என்னைப் பார்த்தா அப்படியா அத்தை தெரியுது?"

"அப்ப கொடு. அது கத்தற கத்து உன் காதுல விழலையா?"

விழுந்தது. பிள்ளை பாட்டிலைத் துப்பியது. ரப்பர் காம்பை நாக்கால் தள்ளித் தள்ளி, முகமெல்லாம் சிவந்து, அவள் இருக்கிற பக்கம் பார்த்து அலறியது. அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லாக இறுகிப்போன மார்பிலிருந்து பாலை முகம் கழுவும் தொட்டியில் பீய்ச்சி விட்டாள். குழாயைத் திறந்து விட்டால் சத்தம் வெளியே கேட்காது. மாத்திரை வயிற்றைப் புரட்டியது. வாந்தியும் அதே தொட்டியில்தான். பிறகு துணியை வரிந்து மார்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றாம் நாள் பசி தாங்காமல் பிள்ளை மாமியார் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக் குடித்தது. வீடே அதைச் சுற்றி நின்று பார்த்தது. அவள் வாசல் பக்கம் போய்விட்டாள்.

துணி ரூம் பிரசவ வார்டுக்குப் பக்கத்துச் சுவர். வெளுத்து வந்த விரிப்புகளை எண்ணி மடித்து அடுக்குவதுதான் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு பிள்ளை வீறிட்டால் போதும், கட்டையும் மீறிச் சட்டை நனைந்துவிடும். நெட்டை சிஸ்டர் சாப்பாட்டு வேளையில் துண்டு எடுத்துக்கொண்டு வருவாள். கதவைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பாள்.

"இப்ப வாட்ச்மேன் வாசல்லயே காலைப் பார்க்கறான்டி. சல்லடை போட்டிருந்தா திருப்பி அனுப்பிடறான்" என்றாள் ஒரு நாள்.

"ஸ்டோர்ல பெரிய சைஸ் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? எல்லார் காலும் புண்ணு. மூணாவது மாடிக்காரிங்க உன்மேல ஒரே கோவம். உன்னாலதான் இந்த வம்புங்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நானா? போய் உங்க காலுல ஊசியை விட்டுக்கிட்டு வந்து பேசுங்கடின்னேன்."

குட்டை சிஸ்டர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறிவிட்டது. நெட்டை சிஸ்டர் மடித்து வைத்த விரிப்புகள் மேலேயே உட்கார்ந்து அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மறைத்து வைத்தது வெகு நாள் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் குடும்பம் அடுத்த தெருவில்தான் இருந்தது. ரொட்டிக் கடையில் அவன் மனைவி மாமியாரைப் பிடித்து, "உங்க மருமகளுக்கு எப்படி இருக்கு? கேட்டதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு" என்று துக்கம் விசாரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் குட்டை சிஸ்டர் வேலை முடிந்து வந்தபோது மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. தெருவுல போறவ வாயால கேக்க வெச்சுட்டியே."

"அவருதான் வேணாம்னாரு அத்தை."

"பிள்ளைக்கு இருக்குமா?"

"இருக்காது. எனக்கே இருக்காதுன்னுதான் டாக்டர் சொல்றாரு."

"இருக்காதுன்னா எதுக்குப் பாலை நிறுத்தினாரு?"

இந்தக் கேள்விக்கு ஆஸ்பத்திரி பாஷையில் அவளிடம் பதில் இருந்தது. மாமியாரிடம் சொல்லக்கூடிய பாஷையில் இல்லை.

"நேத்து முத்தம் கொடுத்தியே. கன்னத்துல."

"முத்தத்துல வராது அத்தை. தொட்டா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டா வராது..."

"வராது, வராதுங்கற. ஊசி விழாதுன்னுகூடத்தான் நினைச்சிருப்ப."

மாமியார் அவளை வெறுக்கவில்லை. அன்று ராத்திரியும் முட்டையை உடைத்து ஊற்றிச் சோறு பிசைந்து, சாப்பிடு சாப்பிடு என்று பக்கத்திலேயே இருந்தாள். தட்டு மட்டும் வேறு தட்டு. டம்ளர் வேறு. துவைக்கப் போட்ட துணி வேறு வாளியில். பிள்ளையை அவள் கையில் கொடுக்க வேண்டிய நேரங்களில் எல்லாம் அதற்குத் தூக்கம் வந்துவிட்டதாகவும், இப்போதுதான் கண் அசந்ததாகவும் சொன்னாள்.

புருஷன் பாயை எடுத்து முன்னறையில் போட்டுக்கொண்டான். முதலில் புழுக்கம் என்றான். மழை பெய்துகொண்டிருந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"சேச்சே."

"நர்ஸ்கிட்டயே பொய் சொல்றீங்களே."

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். விரல் முழுக்கக் கண்ணாடிக் கீறல்கள். பழையது, புதுசு, அன்றைக்குப் பட்டது. "எப்பவும் ஏதாவது ஒண்ணு திறந்தே இருக்குது. அதான். எனக்காக இல்ல. நானும் போயிட்டா பிள்ளையை யார் பார்க்கறது?"

"நானும்" என்கிறானே என்று அவள் நினைத்தாள். நான் அதற்குள் போய்விட்டேன் போலிருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து மருந்து போட்டுவிட வேண்டும் போலிருந்தது. மருந்து பாட்டிலை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஸ்டோர்காரர் ஒரு நாள் துணி ரூம் வாசலில் வந்து நின்றார். கையில் அட்டைப் பெட்டி.

"பெரிய சைஸ் வந்துடுச்சு சிஸ்டர். முதல் ஜோடி உங்களுக்குன்னு சொல்லியிருந்தேனே."

"துணி மடிக்கறதுக்கு ஷூ எதுக்கு சார்?"

அவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அவள் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. கொஞ்ச நேரம் அதோடு நின்றிருந்துவிட்டு, கழற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

மாத்திரை முடிந்தது. பால் வற்றியது. ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதும் சட்டை நனையாததைக் கவனித்தாள். மழையும் நின்று வெயில் ஏறிவிட்டது. நடுவில் பார்த்த டெஸ்டில் ஒன்றுமில்லை. மாமியார், "அதான் கடைசி ஒண்ணு இருக்குதே" என்றாள்.

கடைசி டெஸ்டுக்கு அவள் தனியாகத்தான் போனாள். புருஷன் வருகிறேன் என்றான். அவள்தான் வேண்டாம் என்றாள். எய்ட்ஸ் பிரிவில் ரிசல்ட் தாளோடு இருந்த ஆலோசகர் நல்ல சேதி சொல்லுகிற முகத்தோடு நிமிர்ந்தார். "சுத்தமா ஒண்ணுமில்ல சிஸ்டர். இதோட முடிஞ்சது. போய்ப் பிள்ளையைக் கொஞ்சுங்க."

வெளியே வந்தபோது பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"உக்காருங்க சிஸ்டர்."

உட்கார்ந்தாள். "அவருக்குக் கால் எப்படி இருக்கு?"

"கூடலை. வீட்லதான் கிடக்குறாரு. சோறு போடறேன், துடைச்சு விடறேன். பேசறதில்ல." மடியிலிருந்த பையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் இருக்குதுங்க" என்றாள். "மாத்திரை வாங்க வந்தேன். உங்களுக்கு?"

 பொய் சொல்லலாமா என்றுகூடக் குட்டை சிஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது.

"எனக்கு... இல்லையாம்."

அந்தப் பெண் அவளை நெடுநேரம் பார்த்தாள். "நல்லது. பச்சைப் பிள்ளைக்காரி நீங்க" என்றாள். குரலில் பொறாமை இல்லை. "உங்க காலுல அது விழாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்லவேளை தெரிஞ்சுதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. தெரியாமயே இருந்திருக்கலாமோன்னுதான் எனக்கு இருக்கு."

"மாத்திரையை மட்டும் விடாமச் சாப்பிடுங்க. சாப்பிட்டா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம்" என்றாள் குட்டை சிஸ்டர். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. வார்டில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

"சாப்பிடறேன்" என்று அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தது புருஷன். கடைக்குப் போகாமல் காத்திருந்திருக்கிறான்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லையாம். முடிஞ்சுதாம்."

அவன் முகம் கோணியது. அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். கீறல் விழுந்த விரல்கள் அவள் முதுகில், கழுத்தில், தலையில் அலைந்தன. எத்தனையோ ராத்திரி இதற்குத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். இப்போது பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லாமல் நின்றாள். அவன் அழுது முடிக்கட்டும் என்று இருந்தது.

"உள்ள வாம்மா, வா" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தனியாக வைத்திருந்த தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் அவசர அவசரமாக மற்றவற்றோடு ஒன்றாக அடுக்கினாள். "இந்தா, பிள்ளையை எடு. இனிமே என்ன?"

அவள் கை கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்து பிள்ளையைத் தூக்கினாள். கனத்திருந்தது. இரண்டு பல் முளைத்திருந்தது. விருந்தாளியைப் பார்ப்பது போல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கியது.

"பழகிக்குவான், பழகிக்குவான். கொஞ்ச நாள்தான்" என்ற மாமியார், கலக்கி வைத்திருந்த பாட்டிலை நீட்டினாள். "பசியாத்தான் இருக்கான். நீயே கொடு."

அவள் பாட்டிலை வாங்கிப் பிள்ளை வாயில் வைத்தாள். பிள்ளை குடித்தது. கண்ணை மட்டும் மாமியார் மேலிருந்து எடுக்கவே இல்லை.